கரகரத்த குரைப்பும் மூச்சுத் தசைகளும்

கேள்வி: எங்கள் லாப்ரடார் நாய்க்கு 11 வயதாகிறது. படுத்திருக்கும்போது மார்பைவிட வயிறுதான் அதிகமாக ஏறி இறங்குகிறது. 2 மாதங்களாகக் கொஞ்சம் நடந்தாலே சத்தத்துடன் மூச்சு வாங்குகிறது, குரைப்பும் கம்மிப்போய்விட்டது. நுரையீரலில் கோளாறா?

மருத்துவர் பதில்: வயிற்றின் அசைவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். மார்பறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குவிந்து நிற்கும் உதரவிதானமே நாய்க்கும் முதன்மையான மூச்சுத் தசை. அது சுருங்கும்போது தட்டையாகிப் பின்னோக்கி நகர்ந்து ஈரலையும் இரைப்பையையும் தள்ளுவதால், மூச்சு உள்ளே போகும் அதே கணத்தில் வயிறு புடைக்கிறது. கூடவே, 13 இணை விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளின் வெளியடுக்கு, விலாக்களை முன்னோக்கி இழுத்து மார்பை விரிக்கிறது. மூச்சு வெளியேறுவது பெரும்பாலும் நுரையீரலின் மீள்தன்மையால்தான்; ஆயினும் நாய்களில், அமைதியாக இருக்கும்போதுகூட, மார்பெலும்பின் உட்புறமுள்ள ஒரு மெல்லிய தசை அதற்குத் துணை செய்கிறது.

கடைசி விலாவின் மேல் உள்ளங்கையை அழுத்தாமல் வைத்துப் பாருங்கள். மார்பும் வயிறும் சேர்ந்து எழுந்து சேர்ந்து தாழ வேண்டும். வயிறு எழும்போது மார்பு உள்வாங்கினால், அல்லது நாய் முழங்கைகளை அகற்றிக் கழுத்தை நீட்டியபடி படுக்க மறுத்தால், மூச்சுத் தசைகள் தாங்க முடியாத சுமையை இழுக்கின்றன என்று பொருள். ஈறு நீலம் பாரிக்கும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்தது, குரைப்பு கம்மிப்போனது என்ற வரியைத்தான். குரல்வளையின் வாயிலைத் திறப்பதற்கென்று இருபுறமும் ஒவ்வொரு சிறு தசை மட்டுமே இருக்கிறது. அந்த வேலைக்கு வேறு தசை கிடையாது. அதை இயக்கும் நரம்போ மூளையிலிருந்து நேரே தொண்டைக்கு வராமல், மார்புக்குள் இறங்கி, பெரிய இரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டு மேலேறி வருகிறது. வயதான லாப்ரடார்களில் இந்த நீண்ட நரம்பு நலிவது அடிக்கடி காணப்படுவதுதான். தசை செயலிழந்தால் குரல்வளை மடிப்புகள் விலகாமல் வழியில் தொங்கும். உதரவிதானம் எவ்வளவு பலமாக இழுக்கிறதோ அவ்வளவுக்கு அவை உள்ளே உறிஞ்சப்பட்டு வழி இன்னும் குறுகும். அதனால்தான் ஓசை, மூச்சை உள்ளிழுக்கும்போது கேட்கிறது. உங்கள் நாய்க்கும் அப்படித்தான் கேட்கிறதா என்று கவனியுங்கள். பின்னங்கால் நகங்கள் தரையில் உரசித் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள், ஏனெனில் இதே நரம்பு நலிவு பின்னங்கால்களையும் மெல்லப் பற்றுவதுண்டு.

இதில் வெயில் பெரிய ஆபத்து. நாய் உடற்சூட்டைத் தணிப்பது நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே. அப்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முறை மூச்சு ஓடினாலும் தசைகள் எளிதில் களைப்பதில்லை. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்பத் தள்ளுவதுபோல, மார்பும் நுரையீரலும் இயல்பாக அதிரும் வேகத்திலேயே அவை இயங்குகின்றன. நுழைவாயில் குறுகிவிட்ட குரல்வளையில் இந்தக் கணக்கு குலைந்து, இரைப்பே உடலில் சூட்டைக் கூட்டிவிடும். ஆகவே விடியற்காலையில் மட்டும் நடத்துங்கள். கழுத்துப் பட்டையை நீக்கி, மார்பில் மாட்டும் ஹார்னஸைப் பயன்படுத்துங்கள். உடல் பருத்திருந்தால் இளைக்க வையுங்கள், வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தைத் தடுக்கிறது.

உறுதிசெய்ய, லேசான மயக்கத்தில் கால்நடை மருத்துவர் குரல்வளையை நேரில் பார்க்க வேண்டும். நுரையீரலையும் உணவுக்குழாயையும் அறிய மார்பு எக்ஸ்ரே உதவும். கடுமையான நிலையில் ஒரு பக்க மடிப்பைத் திறந்த நிலையில் தைத்துவிடும் அறுவை சிகிச்சை நல்ல நிவாரணம் தரும். ஆனால் அதன்பின் உணவோ நீரோ நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும் வாய்ப்பு வாழ்நாள் முழுவதும் இருக்கும் என்பதை அறிந்தே முடிவெடுங்கள்.

போவதற்கு முன், நாய் ஆழ்ந்து தூங்கும்போது ஒரு நிமிட மூச்சுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அது தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் இதயத்தையும் நுரையீரலையும் தனியே சோதிக்க வேண்டியிருக்கும். நடந்துவிட்டு வந்தவுடன் எழும் ஓசையைக் கைபேசியில் பதிவுசெய்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றியதும் பல நாய்கள் அச்சத்தில் இரைக்கத் தொடங்கிவிடுவதால், எங்களுக்கு அந்தப் பதிவு மிகவும் பயன்படும்.