தாத்தா காலத்து ஃபேன் ஓடவில்லை. சரிசெய்யலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?

தாத்தா வீட்டுப் பரணில் பழைய சீலிங் ஃபேன் ஒன்று கிடக்கிறது, சுவிட்ச் போட்டால் சுற்றவில்லை, கடைக்காரர் "காயில்" (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) போய்விட்டது என்கிறார், இதற்குச் செலவு செய்வது வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். எடைக்குப் போடாதீர்கள். கடைக்காரர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டா சொன்னார்? நிச்சயம் இருக்காது. வெளியே தெரியும் வயரில் டெஸ்டரை வைத்துவிட்டு, "காயில் அவுட்டு சார், ரீவைண்டிங் பண்ணிரலாம், பெயின்ட்டும் அடிச்சு புதுசாக்கிக் குடுத்துர்றேன்" என்றிருப்பார். எனக்கும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

என்னிடம் இருப்பது ஜி.இ.சி. ஃபேன், 56 அங்குலம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் என்று நினைத்துவிடாதீர்கள். இது இங்கிலாந்தின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி. பெயர்தான் ஒன்று, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கும்பகோணத்தில் எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் தொங்கியது. அது என் கைக்கு வந்ததே யாருக்கும் வேண்டாம் என்பதால்தான். சாமான் பங்கு பிரித்தபோது அண்டா, குத்துவிளக்கு, தவலை எல்லாம் தராசில் ஏறி இறங்கின. ஒரு பித்தளைச் செம்புக்காகப் பெரியப்பாவும் சித்தப்பாவும் மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். அத்தை கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு கரண்டிகூடக் கிடைக்கவில்லை. 1989 தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தால் பெண்களுக்கும் பங்கு வந்துவிட்டதே என்பீர்கள். அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்று அதிலேயே எழுதியிருந்தது. எங்கள் அத்தைக்குக் கல்யாணம் 1971-ல். சட்டத்தை விடுங்கள், கூடப் பிறந்தவள் கையில் ஒரு விளக்கைக் கொடுத்தனுப்பச் சட்டமா வேண்டும்? இன்று அதே ஆட்கள் என் வீட்டுக்கு வந்தால் அண்ணாந்து பார்த்து "எங்க அப்பா வாங்குன ஃபேன்" என்கிறார்கள். சரி, ஃபேனுக்கு வருவோம்.

முதலில் மூடியில் இருக்கும் பிளேட்டைப் படியுங்கள். ஈரத்துணியால் துடைத்தாலே எழுத்து தெரியும். பித்தளை பாலிஷான பிராசோ போட்டுத் தேய்த்தால் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு மை போய்விடும், அப்புறம் ஒன்றும் படிக்க முடியாது. ஏ.சி., 50 சைக்கிள் (இப்போது ஹெர்ட்ஸ் என்கிறோமே, அதுதான்), 220 அல்லது 230 வோல்ட் என்று இருந்தால் நிம்மதி. டி.சி. என்று இருந்தால் நேராகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். கொல்கத்தா போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் வீடுகளுக்கு டி.சி. மின்சாரமே வந்தது. அந்த ஃபேன்களில் கார்பன் பிரஷ்ஷும், அது உரசிக் கரண்ட் கொடுக்கும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரும் இருக்கும். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிபையர் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். ஓட்டலாம்தான், ஆனால் ரெக்டிபையருக்குப் பின்னால் பெரிய கண்டன்சர் போட்டால் வோல்டேஜ் 310-க்கு மேல் போய்விடும். 220-க்குச் செய்த காயில் அதைத் தாங்காது. வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட், 60 சைக்கிள் டேபிள் ஃபேன் என்றால் அது வேறு கதை. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், நம் ஊர் 50 சைக்கிளை 60 ஆக்காது.

என் ஃபேன் ஏ.சி.தான். இறக்கைகளைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும், அது மாட்டியிருந்த இடத்திலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்தேன். ஒரு செட்டாக எடை பார்த்துப் போட்ட இறக்கைகள் இவை. இடம் மாற்றி மாட்டினால் ஆடக்கூடும். பாடியின் திருகுகள் துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டதும் இளகின. பிரித்தால் உள்ளே காயில் கட்டிய பாகம் நடுவில் அப்படியே நிற்கிறது. சீலிங் ஃபேனில் சுற்றுவது வெளிக்கூடு, காயில் சுற்றாது. பேரிங்கில் இருந்த கிரீஸ் கருப்பட்டிப் பாகு போல இறுகிக் கிடந்தது. விரலால் சுற்றினால் கரகரவென்று நின்று நின்றுதான் போனது. ஃபேன் ஓடாததற்குப் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பேரிங்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் எண்ணைக் கடையில் சொன்னால் புதிது கொடுப்பார்கள். பழையதைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள், புல்லர் வாடகைக்குக் கிடைக்கும்.

அடுத்தது கடைக்காரர் "அவுட்டு" என்ற காயில். சீரீஸ் லாம்ப் என்று எலெக்ட்ரீசியன்கள் வைத்திருப்பார்கள், ஒரு 100 வாட் குண்டு பல்பை வரிசையில் சேர்த்த போர்டு. அதன் இரண்டு முனைகளையும் காயிலின் முனைகளில் வைத்தால், நல்ல காயில் என்றால் பல்பு மங்கலாக எரியும். பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். எரியவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. ஃபேனில் இரண்டு காயில் உண்டு, ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று. எனக்கு ரன்னிங் காயிலில் மங்கலாக எரிந்தது, ஸ்டார்ட்டிங்கில் எரியவில்லை. அங்கேதான் பலரும் கையை விரித்துவிடுகிறார்கள். டார்ச் அடித்து, வெளியே வரும் வயரைப் பின்தொடர்ந்து போனேன். காயிலோடு பற்றவைத்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பழைய ரப்பர் வயர் காய்ந்து உதிர்ந்து, செம்பு பச்சையேறி ஒடிந்திருந்தது. காயிலுக்கு ஒன்றுமே இல்லை. ஒடிந்த வயரை வெட்டிவிட்டுப் புது வயரைச் சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, நூலால் கட்டி, வார்னிஷ் தடவினேன். வேலை அவ்வளவுதான்.

ஆனால் ஒரு முனையைக் காயிலிலும் மறுமுனையைப் பாடியிலும் வைத்துப் பல்பு எரியாவிட்டால் பாடியில் லீக்கேஜே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொஞ்சமான கசிவுக்குப் பல்பு எரியாது. இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரான 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக் கூடாது. என் ஃபேனில் முதலில் அதற்கும் கீழேதான் காட்டியது. பரணில் பல மழைக்காலம் கிடந்த ஈரம். தகர டப்பாவுக்குள் ஸ்டேட்டரை, அதாவது காயில் கட்டிய அந்த நடுப்பாகத்தை வைத்து, எதிலும் படாமல் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைத்தேன். மறுநாள் ரீடிங் ஏறியது, அதற்கடுத்த நாள் இன்னும் ஏறியது. இந்தச் சூட்டுக்குப் பொறுமையில்லாமல்தான் எத்தனையோ நல்ல காயில்களை வெட்டி எடுத்துச் செம்பு விலைக்கு விற்றுவிடுகிறார்கள். உடனே ரீவைண்டிங் கடைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை. காயில் உண்மையிலேயே கருகியிருந்தால் உங்களிடம்தான் வர வேண்டும். காயிலுக்கு அடியில் இன்சுலேஷனாக வைக்கும் லெதராய்டு பேப்பர் வெட்டி, சுற்று எண்ணி, கையால் காயில் கட்டுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கேட்ட கூலியைக் கொடுக்கலாம்.

கண்டன்சரை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஆனால் பழையதில் எத்தனை மைக்ரோ ஃபேரட் என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். வேகமாகச் சுற்றும் என்று பெரியதைப் போட்டால் காயில் சூடாகும். புதிய கண்டன்சர் சின்னதுதான், நான் பழைய தகரக் கூட்டைக் காலி செய்து அதற்குள்ளேயே ஒளித்துவிட்டேன். மேலே தொங்கவிடும் போல்ட்டும் ஸ்ப்ளிட் பின்னும் பார்க்க நன்றாக இருந்தாலும் புதிதாகப் போடுங்கள். வார்ப்பிரும்பு பாடி, தலைக்கு மேலே சுற்றப் போகிறது, இதில் கஞ்சத்தனம் கூடாது. அந்தக் காலத்தில் இரண்டு வயர்தான் இழுத்திருப்பார்கள், பாடிக்கு ஒரு எர்த் வயர் கொடுங்கள். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் தெரிந்த எலெக்ட்ரீசியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "இவர் சொன்னதைக் கேட்டு ஷாக் அடித்தது" என்று என்னிடம் வரக் கூடாது.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். சூளையில் சுட்டு இறுக்கிய பழைய எனாமல் பெயின்ட், லேசாகச் சோப்புத் தண்ணீரில் துடைத்து கார் பாலிஷ் போட்டாலே மின்னும். உப்புத்தாள் வைத்து ஈரமில்லாமல் தேய்த்தால் அந்தப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், தூசி மூக்கில் போகும். தங்கக் கலர் ஸ்ப்ரே அடித்த ஃபேனைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்கு எடுத்துப் போய்க் காட்டிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த புது வகை) 30 வாட்டில் ஓடுகிறதே, 80 வாட் இழுக்கும் கிழட்டு ஃபேன் எதற்கு என்று கீழே ஒருவர் நிச்சயம் எழுதுவார். எழுதட்டும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் அரை யூனிட் அதிகம், அவ்வளவுதான். என் படுக்கையறையில் நானும் பி.எல்.டி.சி.தான் மாட்டியிருக்கிறேன், இது கூடத்தில் ஆள் வந்தால் ஓடுகிறது. ஆனால் ஒன்று, பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் பில் அதே அளவு குறையும் என்று நம்பாதீர்கள். அது மிச்சத்தைச் சூடாக்கித் தள்ளுகிற ஜாதி. சுவரில் அழகுக்கு இருக்கட்டும், வேலைக்குக் கண்டன்சர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் போடுங்கள். மலிவான டிம்மர் போட்டால் பழைய காயில் உர்ரென்று உறுமும்.

பிளேட்டையும் காயிலையும் படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். என் ஃபேனை விலைக்குக் கேட்டு யாரும் தனிச் செய்தி அனுப்ப வேண்டாம், முக்கியமாகச் சொந்தக்காரர்கள்.