பூநாரைப் படம் கலங்குகிறதா? கேமரா பாடியை மாற்ற வேண்டாம்

தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோயில் பக்கம் விடிகாலையில் எடுத்த பூநாரைப் படங்கள் கலங்கலாக வருகின்றன, பாடியை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 400-க்கு மேல் ஏற்றப் பயந்து ஷட்டரை 1/60 நொடியில் வைத்தால் எந்த பாடியிலும் கலங்கத்தான் செய்யும். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்கிற பறவைக்கு 1/250 போதும், பறக்கும்போது 1/1000-ஆவது வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓ 3200 போனாலும் போகட்டும், ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் அதனால் வரும் புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைவைச் சரிசெய்ய முடியாது.

காசு செலவழித்தே தீருவேன் என்றால் பழைய 300 மிமீ எஃப்4 லென்ஸ் தேடுங்கள்; எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை பெரிது. உங்கள் 70-300 ஜூம் லென்ஸ், 300-இல் எஃப்5.6 தானே, அதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் வரும். அங்கே அடிக்கிற காற்றுக்கு டிரைபாடை உயர்த்தாதீர்கள், மணலில் உட்கார்ந்தே எடுங்கள். அப்புறம், அங்கே நின்று லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள், காற்றில் மணல் உள்ளே போய்விடும்.