ஆறேழு வருடப் பழைய கடனுக்கு இப்போது ஏஜென்ட் போன் செய்கிறார்: எதைப் பேசலாம், எதில் கையெழுத்துப் போடக் கூடாது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். 2018 ஆகஸ்டில் ஒரு நிதி நிறுவனத்தில் 36 மாதத் தவணைக்கு எடுத்த தனிநபர் கடன். 2019 ஜூலையோடு தவணை நின்றுவிட்டது. இப்போது ஒரு வசூல் ஏஜென்ட், "மொத்தம் 92,000 ஆகுது, 38,000 கட்டுனா முடிச்சுத் தாரோம், முதல்ல 2,000 ஜிபே பண்ணுங்க" என்கிறார். இது போக, உள்ளூரில் 2021 டிசம்பரில் புரோநோட்டு எழுதி 3 வட்டிக்கு வாங்கிய 50,000. அந்த நோட்டின் பின்பக்கம் 2024 நவம்பரில் வட்டிக்காரர் வந்து ஏதோ எழுதிக் கையெழுத்து வாங்கிப்போயிருக்கிறார்.

முதலில் அந்த 2,000 ரூபாயை அனுப்பாதீர்கள். "சரிங்க, கட்டிடுதேன்" என்று வாட்ஸ்அப்பில் பதிலும் போட வேண்டாம். கடன் சட்டப்படி இன்னும் உயிரோடு இருக்கிறதா, இருந்தால் யாருக்குச் சேர வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் பேரம்.

காலக்கெடுச் சட்டம் 1963-இன்படி அடமானமில்லாத கைக்கடன், தனிநபர் கடன், கார்டு பாக்கி எல்லாவற்றுக்கும் வழக்குப் போட 3 ஆண்டுதான். வீடு, நிலம் அடமானம் என்றால் 12 ஆண்டு. உங்கள் கணக்கில் கொரோனா காலம் குறுக்கே வருகிறது. 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் காலக்கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் 2019 ஜூலையில் தவறிய தவணைக்குக் கெடு 2022 ஜூலையில் முடியவில்லை, 2024 ஜூன் வாக்கில்தான் முடிந்திருக்கும். கடைசித் தவணை 2021 ஆகஸ்டில் வரவேண்டியது, அதற்கு 1.3.2022 முதல் எண்ணினால் 2025 பிப்ரவரி கடைசி. நடுவில் வழக்கோ புதிய கையெழுத்தோ இல்லையென்றால் இந்தக் கடன் காலம் கடந்தது.

அந்த "இல்லையென்றால்" என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு. கெடுவுக்குள் ஒரு சின்னத் தொகை கட்டி, அது உங்கள் கையெழுத்திலோ கையொப்பத்தோடோ பதிவானாலும் அப்படித்தான். மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டதையும் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. 2020-இல் மாரட்டோரியம் (தவணை ஒத்திவைப்பு) கேட்டு எழுதிக்கொடுத்திருந்தால், தவணையை மாற்றியமைக்கக் கையெழுத்திட்டிருந்தால், அதையும் காட்டுவார்கள். கெடு முடிந்த பிறகு கட்டும் வெறும் 2,000 கடனுக்கு உயிர் கொடுக்காது. ஆனால் "பாக்கியைத் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3)-இன்படி அது செல்லுபடியாகும் புதிய ஒப்பந்தம். ஏஜென்ட் நீட்டும் "செட்டில்மென்ட் ஃபார்ம்" பலவற்றில் இந்த ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். கையெழுத்துக்கு முன் முழுவதையும் வாசியுங்கள்.

வழக்கு ஏற்கெனவே நடந்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால் கதை வேறு. தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றங்களில் தேடிப் பாருங்கள். நிதி நிறுவனங்கள் பெரும்பாலும் நடுவர் மன்றம் (ஆர்பிட்ரேஷன்) வழியே சென்னையிலோ மும்பையிலோ தீர்ப்பு வாங்கியிருக்கும். நிறைவேற்று மனு போடும்வரை அது இந்தத் தளத்தில் தெரியாது. ஆகவே நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"கடன் எண் … தொடர்பாக உங்கள் முகவர் தொலைபேசியில் அழைத்தார். கணக்கு விவரம் முழுவதும் (அசல், வட்டி, அபராதம், இதர கட்டணம் தனித்தனியாக), கடைசியாக வரவான தேதி, கடன் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அதற்கான கடிதம், வழக்கோ நடுவர் தீர்ப்போ இருந்தால் அதன் நகல், முகவருக்கு நீங்கள் கொடுத்த அங்கீகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்பவும். இக்கடிதம் என் உரிமைகளுக்குப் பாதகமின்றி எழுதப்படுகிறது; எந்தத் தொகையையும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது."

இதை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஏஜென்டுக்கு அனுப்பிப் பயனில்லை. அவருக்கு வசூலாகும் தொகையில் கமிஷன், உங்கள் கணக்கைப் பற்றி அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு எக்செல் வரிசை மட்டும்.

போன் எப்படிப் போகும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

"அண்ணாச்சி, இன்னைக்கு மதியத்துக்குள்ள கட்டுனா 38,000. நாளைக்குன்னா முழு 92,000."

"செட்டில்மென்ட் லெட்டரைக் கம்பெனி மெயில்ல இருந்து அனுப்புங்க. பார்த்துட்டுப் பேசுதேன்."

"லெட்டர்லாம் பணம் வந்த பெறவுதான் வரும்."

"அப்பம் பணமும் லெட்டர் வந்த பெறவுதான்."

இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. மதியக் கெடு என்பது அழுத்தம் கொடுக்க மட்டும். ஏழு வருடம் காத்திருந்த கடன் இன்னொரு வாரமும் காத்திருக்கும். கணக்காண்டு முடியும் மார்ச் கடைசியில் இதைவிடக் குறைந்த தொகையோடு அதே ஆளே கூப்பிட வாய்ப்பு அதிகம்.

"வாரண்ட் வந்திருக்கு, போலீஸ் வருது" என்பார். கடன் கட்ட முடியாதது சிவில் விஷயம், அதற்காகக் கைது கிடையாது. விதிவிலக்கு இரண்டு. நீங்கள் கொடுத்த செக் திரும்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஈசிஎஸ்/நாச் தவணை திரும்பியிருந்தால் 2007-ஆம் ஆண்டின் பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25-ஆம் பிரிவு. இரண்டிலும் தண்டனை 2 ஆண்டு வரை. செக் வழக்கில், செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதன்பின் உங்களுக்கு 15 நாள், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு. 2019-இல் திரும்பிய தவணைக்கு இப்போது புதிதாக நோட்டீஸ் விட வழியில்லை. ஆனால் அப்போதே வழக்குப் போட்டு, சம்மன் பழைய விலாசத்துக்குப் போயிருந்தால் வாரண்ட் நிஜமாகவே இருக்கலாம். அதற்கும்தான் இ-கோர்ட்ஸ் தேடல்.

வங்கி, நிதி நிறுவனம் சார்பில் வருபவர்களுக்கு ரிசர்வ் வங்கி விதி உண்டு: காலை 8-க்கு முன், மாலை 7-க்குப் பின் வசூல் போன் கூடாது, சொந்தக்காரர், பக்கத்து வீட்டார், வேலையிடத்தில் அவமானப்படுத்தக் கூடாது, வீட்டுக்கு வந்தால் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் காட்ட வேண்டும். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் எடுக்கும் குழு லோனுக்கு இன்னும் கறாரான விதி: காலை 9 முதல் மாலை 6 வரைதான். வசூல் குறித்த பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே வராவிட்டால்தான் வீடு தேடி வரலாம். ராத்திரி 9 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "பணம் வாங்காமப் போக மாட்டேன்" என்பவரை வீடியோ எடுங்கள், நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையவழியே புகார். செலவு கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

சரி, காலம் கடந்த கடனைக் கட்ட வேண்டுமா? வழக்குப் போட முடியாது என்பதால் கடன் இல்லாமல் போகவில்லை, கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. நிறுவனம் கணக்கில் "ரைட் ஆஃப்" செய்திருந்தாலும் அது அவர்கள் புத்தகத்து ஏற்பாடு, உங்களுக்குத் தள்ளுபடி அல்ல. சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் அது நிற்கும்வரை வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். வாங்கியது வங்கிக் கடனாக இருந்து, அதே வங்கியில் சேமிப்புக் கணக்கும் இருந்தால், அதில் விழும் பணத்தைப் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். சம்பளத்தையும் மானியத்தையும் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. என் கருத்து: இரண்டு மூன்று ஆண்டில் கடன் தேவைப்படும் என்றால் முடித்துவிடுங்கள். தேவையே இல்லை, கையிலும் பணம் இல்லை என்றால், பெண்டாட்டி நகையை வைத்து இதைக் கட்ட ஓடாதீர்கள். அடகு வைத்த நகைக்கு வட்டி ஓடும், ஏலமும் வரும். இந்தக் கடனுக்கு இப்போது அந்தப் பல் இல்லை.

பேரம் பேசுவதாக இருந்தால் 92,000-இலிருந்து குறைத்துக்கொண்டு வராதீர்கள். கணக்கு விவரத்தில் நிலுவை அசல் எவ்வளவு என்று பார்த்து அங்கிருந்து ஆரம்பியுங்கள். அசல் 31,000 என்றால் 38,000 சலுகையே இல்லை; வட்டியில் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 12,000-இல் தொடங்கி 18,000 வரை போகலாம், ஒரே தவணையில் தருவதாக. தவணையாகக் கேட்டால் தொகை ஏறும், "ஒரு தவணை தவறினால் சலுகை ரத்து" என்ற நிபந்தனையும் சேரும். உங்களால் நிச்சயம் முடியும் தொகையை மட்டும் சொல்லுங்கள். அசலை முழுதாகக் கட்ட முடிந்தால், "செட்டில்டு" என்று போடாமல் "க்ளோஸ்டு" என்று சிபிலுக்கு அனுப்பச் சம்மதமா என்று எழுத்தில் கேளுங்கள். "செட்டில்டு" என்றால் குறைத்துக் கட்டி முடித்தது என்று அர்த்தம், அடுத்த வங்கிக்காரர் முகம் சுளிப்பார்.

அவர்கள் தரும் செட்டில்மென்ட் கடிதத்தில் கடன் எண், மொத்த நிலுவை, ஒப்புக்கொண்ட தொகை, கடைசித் தேதி, "முழுமையான இறுதித் தீர்வு" என்ற வாசகம், வழக்கு இருந்தால் வாபஸ் பெறும் உறுதி, ஜாமீன்தாரர் விடுவிப்பு, நீங்கள் கொடுத்த வெற்றுச் செக்குகளைத் திருப்பித் தருவது, இவ்வளவும் வேண்டும். கடிதம் உண்மைதானா என்று நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். பணம் நிறுவனத்தின் கடன் கணக்குக்கே போக வேண்டும், ஏஜென்டின் ஜிபேக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தால் அது சம்மன் என்று பயப்பட வேண்டாம், வழக்குக்கு முந்தைய நிலையில் போயே ஆக வேண்டும் என்றில்லை. போனால் நல்ல தள்ளுபடி கிடைப்பதுண்டு. ஆனால் அங்கே கையெழுத்திடும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. காலம் கடந்த கடனுக்கு அங்கே தவணை ஒப்புக்கொண்டால், செத்த கடனுக்கு 12 ஆண்டு ஆயுள் எழுதிக்கொடுத்தது மாதிரி. முழுத் தொகை கையில் இருந்தால் மட்டும் அங்கே முடியுங்கள். உண்மையான நீதிமன்றச் சம்மன் வந்தால் மட்டும் சும்மா இருக்கவே கூடாது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கட்டணமில்லாத எண் 15100.

இனி புரோநோட்டு. பின்பக்கம் எழுதியது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இக்கடனில் இன்று ரொக்கம் ரூ.100 வரவு", கீழே தேதி, உங்கள் கையெழுத்து. நோட்டு எழுதி 3 ஆண்டு நிறைய ஒரு மாதம் இருக்கையில் (கொரோனா விலக்கைச் சேர்த்தால் கெடு 2025 பிப்ரவரி கடைசி) அவர் வந்ததற்குக் காரணம் அந்த 100 ரூபாய்தான். கடனுக்கு 2027 நவம்பர் வரை உயிர் வந்துவிட்டது. ஆகவே இங்கே காலக்கெடு பேசிப் பயனில்லை, கணக்குப் பேசுங்கள். 50,000-க்கு 3 வட்டி என்றால் மாதம் 1,500, வருடத்துக்கு 36 சதவீதம். இதுவரை கொடுத்த வட்டியைத் தேதிவாரியாக எழுதுங்கள். ஜிபே, வங்கி வரவுகளைத் தனியாகக் குறியுங்கள், ரொக்கத்துக்குச் சாட்சி யார் என்றும் எழுதுங்கள். ஊரில் இரண்டு பேருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு "வட்டியை இத்தோட நிறுத்துவோம், அசலை இத்தனை தவணையில தாரேன்" என்று பேசினால் பெரும்பாலும் படியும்.

மிரட்டல், வீட்டுப் பத்திரத்தைப் பிடுங்குவது, மீட்டர் வட்டி என்று போனால் தமிழ்நாடு அநியாய வட்டித் தடைச் சட்டம் 2003 இருக்கிறது, 3 ஆண்டு வரை சிறை. கடன் கொடுத்தவர் வாங்க மறுத்தால், அரசு நிர்ணயித்த வட்டியோடு தொகையை நீதிமன்றத்தில் கட்டிக் கடன் தீர்ந்ததாகப் பதியக் கேட்கவும் அதில் வழி உண்டு. திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். 2017 அக்டோபரில் ஒரு குடும்பம் அங்கே தீக்குளித்துப் பறிபோனது கந்துவட்டியால்தான். மனுவில் அழுகையைவிடத் தேதி, தொகை, சாட்சி அதிகம் இருக்கட்டும்.

கடைசித் தவணை கொடுக்கும்போது அசல் புரோநோட்டு எதிரே இருக்க வேண்டும். "நோட்டு வீட்டுல எங்கேயோ கெடக்கு, தேடித் தாரேன்" என்றால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் "முழுத் தொகையும் வரவு, பைசல்" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு நோட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், கிழிக்க வேண்டாம்.

நிதி நிறுவனக் கடனில் பணம் கட்டியதும் நோ டியூ (பாக்கி இல்லை) சான்று வாங்குங்கள். அதே கடனை வேறொரு நிறுவனம் வாங்கி மறுபடி போன் செய்வது சகஜம், அப்போது இந்தத் தாள்தான் பேசும். இரண்டு மாதம் கழித்து சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் அறிக்கை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் இலவசம். மாறாமல் இருந்தால் திருத்தம் கேளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். கேட்காமல் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், புகாரிலேயே அந்தத் தொகையைக் கணக்குப் போட்டு எழுதுங்கள்.