கூழ், கீரை, கொள்ளு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எளிய, சத்தான சமையல் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறுதானியம், கீரை, பயறு ஆகியவற்றைப் பற்றியவை. எதை உண்பது என்பதோடு நின்றுவிடாமல், எப்படிப் பக்குவப்படுத்துவது என்று பலரும் கேட்டிருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. தானியத்தின் பெயரைப் பற்றி இப்போது ஏராளமாகப் பேசுகிறோம். அதை ஊற வைப்பது, புளிக்க வைப்பது, முளைகட்டுவது பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

கேள்வி: என் மாமியார் காலத்தில் வீட்டில் தினமும் கேழ்வரகுக் கூழ் இருக்கும். வேலைக்குச் செல்லும் எனக்கு அதற்கு நேரமில்லை என்பதால், மாவைக் கொதிநீரில் கரைத்துக் கஞ்சியாகக் கொடுக்கிறேன். பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். கூழில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து கஞ்சியிலும் கிடைக்குமா?
(வாசகி, தர்மபுரி)

பதில்: ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. இந்தச் சத்து கூழிலும் கஞ்சியிலும் ஒரே அளவில்தான் இருக்கும். ஆனால், கேழ்வரகின் மேலடுக்கில் உள்ள ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்வதால், வயிற்றுக்குள் போன சத்து முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. மாவு இரவு முழுவதும் புளிக்கும்போது அந்த அமிலத்தின் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது. உங்கள் மாமியார் மாவைக் கரைத்து வைத்துவிட்டு உறங்கப் போனதால் கிடைத்த நன்மை இது. பிள்ளைகளின் முகச்சுளிப்புக்குப் பச்சை மாவு வாடை காரணமாக இருக்கலாம். புளித்த மாவை நன்றாக வேக வைத்தால் அந்த வாடையும் அடங்கிவிடும்.

செய்முறை கடினமானதன்று. ஒரு கோப்பை கேழ்வரகு மாவை இரண்டு கோப்பை தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூடி, இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். காலையில் கால் கோப்பை அரிசி நொய்யை நான்கு கோப்பை தண்ணீரில் குழைய வேக வைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, அடுப்பைத் தணித்து, அடி பிடிக்காமல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளற வேண்டும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். அதுவே வெந்ததற்கு அடையாளம். ஆறிய பிறகு வேண்டிய அளவு எடுத்து, மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் கூழ் தயார். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் வார்க்கும் கூழும் ஏறக்குறைய இதே பக்குவந்தான். அதை மட்டும் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பார்கள்.

தினமும் கிளற இயலாதவர்கள் சனிக்கிழமை இரவு மாவைக் கரைத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை சற்றுக் கெட்டியாகக் கிண்டி, உருண்டைகளாகப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்துக்கொண்டால், இரண்டு நாளைக்குக் கவலையில்லை. கூழே வேண்டாம் என்னும் பிள்ளைகளுக்கு, மூன்று பங்கு கேழ்வரகு மாவுடன் ஒரு பங்கு உளுந்தை ஊற வைத்து அரைத்துக் கலந்து, இரவில் புளிக்க வைத்துத் தோசையாக வார்த்துக் கொடுங்கள். இதிலும் புளிப்பின் பயன் கிடைக்கிறது. கடையில் விற்கும் கேழ்வரகு மால்ட் பொட்டலத்தை வாங்கும் முன், அதிலுள்ள பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். எடையில் அதிகமான பொருளையே பட்டியலில் முதலாவதாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் இடத்தில் சர்க்கரை இருந்தால் அதைக் கேழ்வரகுப் பானம் என்று சொல்வதில் பொருளில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 50 கிராம் மாவில் செய்த கூழ் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட நிறைவு செய்யாது என்பதால், தயிரையும் கீரையையும் கூழுக்காகக் கைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கம்பு மாவு வாங்கி வைத்தால் சில நாள்களிலேயே கசந்துவிடுகிறது. கடைக்காரர் பழைய மாவைக் கொடுத்துவிட்டாரா?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: கடைக்காரரைச் சந்தேகிக்கும் முன் கம்பின் இயல்பையும் பார்க்க வேண்டும். தீட்டிய அரிசியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள கொழுப்பு, கம்பில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு இருக்கிறது. முழுத் தானியமாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பு பாதுகாப்பாக இருக்கும். அரைத்தவுடன் தானியத்தில் உள்ள நொதிகளும் காற்றும் அதைத் தாக்குவதால் காறலும் கசப்பும் வந்துவிடுகின்றன. எனவே கம்பை முழுத் தானியமாக வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கம்பஞ்சோறு செய்வதாயின் மாவே தேவையில்லை. புடைத்துக் கல் நீக்கிய கம்பின்மீது சிறிது தண்ணீர் தெளித்துப் பிசறி, பத்து நிமிடம் கழித்து மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினால் மேல்தோல் கழன்றுவிடும். அதைப் புடைத்து நீக்கிவிட்டு, எஞ்சியதை ரவை போல உடைத்து, ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கொதிக்கும்போது சிறிது சிறிதாகத் தூவிக் கிளறி, தணலில் அரை மணி நேரம் வேக விடுங்கள். இரவு உருண்டையாகப் பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் மோரில் கரைத்துக் குடிப்பது கரிசல் காட்டு வழக்கம். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உள்ளது. அரிசியை நிறுத்திவிட்டுத் தினை, குதிரைவாலி ஆகியவற்றை வயிறார உண்ணலாம் என்கிறார்கள். சரியா?
(வாசகர், சென்னை)

பதில்: "வயிறார" என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சிறுதானியங்களிலும் பெரும்பகுதி மாவுச் சத்துதான். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 67 கிராமும், அதே அளவு தீட்டிய அரிசியில் 78 கிராமும் இருக்கின்றன. வேறுபாடு உண்டு என்றாலும், இரண்டு மடங்கு உண்பதற்கு இடம் தரும் அளவுக்கு அது பெரியதன்று. நார்ச் சத்து மிகுதி என்னும் நன்மையும் தானியத்தைத் தீட்டாமல் வாங்கினால்தான் முழுமையாகக் கிடைக்கும். வெண்மையாகப் பளபளக்கும் குதிரைவாலியும் சாமையும் தவிடு நீக்கப்பட்டவை. அவற்றைக் குழையக் குழைய வேக வைத்து நெய்ப் பொங்கலாக்கினால், சர்க்கரை விரைவாகவே ஏறும்.

தீட்டாத தானியத்தை அரை மணி நேரம் ஊற வைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து, பருக்கை பருக்கையாக வடித்துக்கொள்ளுங்கள். தட்டில் அதன் அளவைக் குறைத்து, பாதியைக் காய்கறிக்கும் கீரைக்கும் விட்டு, பருப்போ சுண்டலோ முட்டையோ உடன் சேருங்கள். உண்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்து பார்த்தால், எந்தத் தானியம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்பது தெரிந்துவிடும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைப் பெரிதாக மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சர்க்கரை நோயைச் சிறுதானியம் குணப்படுத்தும் என்னும் விளம்பரங்கள் பெருகிவிட்டன. அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்தானது.

கேள்வி: கீரையை எப்படிச் சமைத்தாலும் பழுப்பாகிவிடுகிறது. சமையல் சோடா போடலாமா? கீரையை இரவில் உண்ணக் கூடாது என்பது உண்மையா?
(வாசகி, திருச்சி)

பதில்: சோடா வேண்டாம். அது பச்சை நிறத்தைக் காப்பாற்றும். ஆனால் தயமின் என்னும் வைட்டமின் பி1ஐயும் வைட்டமின் சியையும் அழித்துவிடும். கீரை வேகும்போது அதிலிருந்து வெளியாகும் அமிலங்கள் ஆவியோடு போக வேண்டும். மூடி போட்டால் அவை பாத்திரத்துக்குள்ளேயே தங்கி, பச்சையத்தைச் சிதைத்து இலையைப் பழுப்பாக்குகின்றன. குக்கரில் நேர்வதும் இதுவே. ஆகவே கீரையை நறுக்குவதற்கு முன்பே இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வாயகன்ற பாத்திரத்தில், மூடாமல், மிதமான தீயில் வேக வையுங்கள். அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் ஐந்தாறு நிமிடம் போதும். இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருடன் ஒரு கை தெளித்தால் போதுமானது. புளி சேர்ப்பதாக இருந்தால் இறக்கும்போது சேருங்கள். மண்சட்டியில் போட்டு மத்தால் கடைந்த கீரையில் இலையின் திப்பி கொஞ்சம் நாக்கில் தட்டுப்படும். மிக்ஸியில் அரைத்தால் அது களிம்பாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

முருங்கைக்கீரையை இரும்புச் சத்துக்காக உண்பவர்கள், அதில் எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்துகொள்வதும், உண்ட உடனே தேநீரோ காப்பியோ குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுவதும் நல்லது. வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர உதவுகிறது. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அதைத் தடுக்கின்றன. ஆக்ஸலேட் வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக்கீரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இரவில் உண்ணலாம். வயிறு மந்தமாக உணர்பவர்கள் மட்டும் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதால் வாரம் நான்கு நாள் கொள்ளு சமைக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் வாயுத் தொல்லை. எடையும் குறையவில்லை.
(வாசகி, ஈரோடு)

பதில்: கொள்ளுக்குக் கொழுப்பைக் கரைக்கும் தனி ஆற்றல் ஏதும் இல்லை. 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதமும் நிறைய நார்ச் சத்தும் இருப்பதால், அளவாக உண்டாலே வயிறு நிறைந்த உணர்வு வரும். அதனால் மற்ற உணவின் அளவு குறைந்தால்தான் எடை குறையும். கொள்ளோடு சோற்றையும் வழக்கம்போல உண்டால் பழமொழி என்ன செய்யும்?

வாயுவுக்குக் காரணம், நம் சிறுகுடலால் செரிக்க இயலாத ஒருவகைச் சர்க்கரைகள். அவை பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களிடம் போய்ச் சேர்ந்து புளிக்கின்றன. கொள்ளை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மலர வேக வைத்தால், அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி வெளியேறிவிடும். முளைகட்டினால் இன்னும் குறையும். வெந்த நீரை வடித்து மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசமாக்குங்கள். எஞ்சிய கொள்ளுடன் வதக்கிய சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாய் சேர்த்துக் கொரகொரப்பாகக் கடைந்தால் உங்கள் பகுதியின் கொள்ளுப் பருப்பு ஆகிவிடும். வாரத்துக்கு இரண்டு நாள் கொள்ளு, மற்ற நாள்களில் பாசிப்பயறு அல்லது தட்டைப்பயறு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்குக் கேழ்வரகுப் பால் கொடுக்கலாமா? கருப்பட்டி சேர்க்கலாமா?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே கொடுக்கலாம். எட்டு மணி நேரம் ஊறிய கேழ்வரகைத் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து, அந்தப் பாலைச் சிறு தீயில் கைவிடாமல் கிளறி, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்தில் இறக்க வேண்டும். ஒரு வயது நிறையும் வரை கருப்பட்டி, சர்க்கரை, உப்பு எதுவும் வேண்டாம். தேனை நாவில் தடவுவதுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் கைக்குழந்தைக்குக் கடுமையான நஞ்சாகும். துணியில் வடிகட்டும்போது திப்பியோடு சத்தின் ஒரு பகுதியும் போய்விடுவதால், கேழ்வரகுப் பாலோடு நிறுத்திவிடாமல், குழைய வெந்த பாசிப்பருப்பு, மசித்த காய்கறி, வேக வைத்த முட்டை ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பழக்குங்கள்.

கேள்வி: பழைய சோறு நல்லது என்கிறார்கள். ஆனால் எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பழைய சோற்றில் தடையில்லை, கூட வைத்துக்கொள்ளும் ஊறுகாயும் மோர் மிளகாயும் கருவாடுமே கவனத்துக்கு உரியவை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு துண்டு கருவாடும் இரண்டு மோர் மிளகாயும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். புழுங்கல் அரிசியில் வடித்த சோற்றைப் பயன்படுத்துங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பச்சரிசியைவிட அதில் அந்தச் சத்து கூடுதல். சோற்றை மணிக்கணக்கில் வெளியே விட்டுவிடாமல், ஆறியவுடன் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே உண்டுவிடுங்கள். கோடையில் வாடை மாறியிருந்தாலோ நூல் போல இழுபட்டாலோ கொட்டிவிடுவதே சரி. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும், உப்புக் குறைத்து வதக்கிய சுண்டைக்காயோ கொத்தவரங்காயோ போதும். மோரில் உப்புப் போடாமல் குடித்துப் பழகினால், சில வாரங்களில் நாக்கு அதற்கு இணங்கிவிடும்.