தைக்காத நெட் பாவாடை இடுப்பில் நிற்கவில்லையா?

நெட் பட்டைகளை எலாஸ்டிக்கில் சுருக்கு முடிச்சாகக் கட்டி, குழந்தையின் பிறந்தநாளுக்குச் செய்த பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முழுவதையும் பிரிக்க வேண்டாம், எலாஸ்டிக்கின் நீளத்தை மட்டும் குறைத்தால் போதும். குழந்தையின் இடுப்பு 20 அங்குலம், எலாஸ்டிக்கும் சரியாக 20 அங்குலம் வெட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். முடிச்சுகள் நெருக்கமாக ஏற ஏற எலாஸ்டிக் இழுபட்டு நீண்டுவிடும். 60 பட்டைகளின் எடை வேறு. இடுப்பளவைவிட 2, 3 அங்குலம் குறைவாக இருந்தால்தான் பிடிக்கும்.

எலாஸ்டிக்கின் முனைகளைச் சேர்த்த இடத்தில் இரு பக்கமும் நாலைந்து பட்டைகளை அவிழ்த்துவிட்டு, எலாஸ்டிக்கில் பழைய முடிச்சைவிட உள்ளே தள்ளிப் புது முடிச்சு போடுங்கள். அப்புறம் பட்டைகளைத் திரும்பக் கட்டி அதை மறைத்துவிடலாம். போட்டுவிட்டுக் குழந்தையைப் பத்து முறை குதிக்கச் சொல்லுங்கள். எலாஸ்டிக்குக்குள் இரண்டு விரல் நுழைந்தால் சரி. உள்ளங்கையே போனால் இன்னும் தளர்வு. வயிற்றில் சிவப்புத் தடம் விழுந்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: நீங்கள் வாங்கியது மெத்தென்ற சாஃப்ட் நெட்டா, விறைப்பான கேன்கேன் நெட்டா? நான் பெங்களூர் சிக்பேட்டையில் 'நல்லா விரியும்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பிக் கேன்கேன் வாங்கினேன். விரிந்தது உண்மைதான். ஆனால் விறைப்பான துணியில் சுருக்கு தங்காமல், மகள் மேடையேறும் முன்பே மூன்று பட்டைகள் உருவிக்கொண்டன. தொடை முழுக்க அரிப்பு வேறு. உங்களுடையதும் கேன்கேனாக இருந்தால் ஒவ்வொரு சுருக்கையும் இன்னொரு முறை இழுத்து இறுக்குங்கள், உள்ளே லெக்கின்ஸ் போட்டுவிடுங்கள்.

பிறந்தநாளுக்கு என்கிறீர்கள், கேக் மெழுகுவத்தியிலிருந்து தள்ளியே நிறுத்துங்கள். நெட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.