பந்திக்கு வர மறுக்கும் கணவர்

கேள்வி: என் கணவர் மணலியில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஆபரேட்டர், கான்ட்ராக்ட் ஆள். ஏழு மாதத்துக்கு முன் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. புண் ஆறிவிட்டது. இஎஸ்ஐ பணம் வருகிறது. வேலைக்குப் போனால் அது நின்றுவிடும் என்று வீட்டிலேயே இருக்கிறார். விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. வந்தாலும் பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுகிறார். வீட்டில் நான்தான் ஊட்டிவிடுகிறேன். காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலைக்கு என் அண்ணன் கூப்பிடுகிறார். அனுப்பலாமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: ஐஸ் வேலை வேண்டவே வேண்டாம்மா. விரல் போன இடத்தில் நரம்பும் ரத்த ஓட்டமும் பழையபடி இருக்காது. குளிர் பட்டால் சுண்டி இழுக்கும். பலருக்கு அது வருஷக்கணக்கில் இருக்கும். அண்ணன் நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறார், பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். இப்போது வருவது தற்காலிக ஊனத்துக்கான தொகை, சம்பளத்தில் 90 சதவீதம். சிகிச்சை முடிந்தது என்று டாக்டர் எழுதிவிட்டால், வீட்டில் இருந்தாலும் அது நின்றுவிடும். அடுத்தது மெடிக்கல் போர்டு, அதாவது சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்று முடிவு செய்யும் டாக்டர்கள் குழு. ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்குச் சட்ட அட்டவணையில் 20 சதவீதம் என்று இருக்கிறது. சம்பளம் 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவீதம் 16,200. அதில் 20 சதவீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 3,240 ரூபாய், ஆயுள் முழுக்க. அவர் வேறு வேலை பார்த்துச் சம்பாதித்தாலும் அது நிற்காது. இதை அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பந்திதான். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவளாக, இருந்த காலத்தில் கையின் பிடியைக் கருவி வைத்து அளந்து எழுதுவோம். வந்தவர்கள் அந்த எண்ணைக் கேட்டதே இல்லை. “சோறு பிசைய வருமா, லுங்கி கட்ட வருமா?” இதுதான் கேள்வி. உங்கள் வீட்டுக்காரருக்குப் பெருவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் இருக்கின்றன. மோதிர விரலின் நுனி பெருவிரலைத் தொடப் பழகிவிட்டால் கவளம் எடுக்கலாம். ரசம் சாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒழுகும், அவருக்கு வெறுத்துவிடும். முதலில் இட்லி, அப்புறம் கெட்டியான தயிர் சாதம், சாம்பார் கடைசியில். ஊட்டுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். கோபம் வரும், தட்டைக்கூடத் தள்ளுவார். வரட்டும். லுங்கிக்கும் இதே மூன்று விரல்தான், ஆனால் அது சோற்றைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

விரல் போன முனையைத் தொட்டால் ஷாக் அடிப்பது போல இருக்கிறதா? முதலில் பஞ்சால் தடவ வேண்டும். அது பழகியதும் சொரசொரப்பான துண்டு. அப்புறம் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுக் கிளறச் சொல்லுங்கள், தினமும் பல தடவை, சில நிமிஷம். அப்படியும் குறையாவிட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கேதான் இருக்கிறது, உங்களுக்குப் பக்கமும்கூட.

வேலைக்குத் திரும்புவது என்றால் பிரஸ் முன்னால்தான் நிற்க வேண்டும் என்று இல்லை. ஸ்டோர்ஸ், பீஸ் செக்கிங், கேட் என்ட்ரி என்று அந்தப் பட்டறையிலேயே என்னென்ன இருக்கிறது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள், வலது கையால். அரசு நிறுவனமாக இருந்தால், வேலையில் இருக்கும்போது ஊனமானவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. தனியாரிடம் அந்தப் பிடி கிடையாது, பேசித்தான் வாங்க வேண்டும். பேசப் போகும் முதல் நாள் மெஷின் ஓடாத நேரமாகப் பாருங்கள். பிரஸ் இறங்குகிற சத்தத்திலேயே வியர்த்துக் கொட்டி, கேட்டோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கோழைத்தனம் இல்லை. ராத்திரியில் தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கான்ட்ராக்டர் “செட்டில்மென்ட்” என்று ஒரு பேப்பரை நீட்டலாம். விபத்து அறிக்கை இஎஸ்ஐ-க்குப் போயிருக்கிறதா என்று பார்த்து ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் போர்டு முடிவு கைக்கு வரும்வரை எந்தப் பேப்பரிலும் அவர் கையெழுத்துப் போட வேண்டாம். “கைதான் சரியில்லையே, இடது கைப் பெருவிரலை வையுங்கள்” என்பார்கள். அதுவும் வேண்டாம்.