ஒரு வரித் திருத்தத்தில் சரிபார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: கப்பலூர்த் தொழிற்பேட்டையில், பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பதிவுக் கருவி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். காலையில் பால் ஊற்ற வருவோர் வரிசையில் நிற்கும்போது, கருவி எப்போதாவது ‘அழிப்பு நேரம் கடந்தது’ என்ற பிழையைக் காட்டிப் பதிவை நிறுத்திவிடுகிறது. எங்கள் மூத்த பொறியாளர், எஸ்பிஐ நார் ஃபிளாஷ் டிரைவரில் (பதிவுகளைச் சேமிக்கும் நினைவகச் சிப்பை இயக்கும் மென்பொருளில்) காத்திருப்பு வரம்பை 400 மில்லி விநாடியிலிருந்து 2 விநாடியாக உயர்த்தி ஒரு பேட்ச் (திருத்தம்) எழுதியுள்ளார். “ஒரு வரிதானம்மா, பார்த்துட்டு ஓகே போட்டுடு” என்கிறார். இதில் நான் எதைப் பார்ப்பது?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: அந்த எண் சரியா என்பதைவிட, அது மாற வேண்டிய காரணம் என்ன என்பதையே நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். பிழை மறைந்துவிட்டது என்பது காரணம் ஆகாது.

ஃபிளாஷில் எழுதும்போது பிட்டுகள் 1-லிருந்து 0-ஆக மட்டுமே மாறும்; திரும்ப 1 ஆக்க வேண்டுமானால் அந்த பிட் இருக்கும் செக்டார் (சிப்பின் ஒரு சிறு பகுதி) முழுவதையும் அழித்தாக வேண்டும். அழிப்புக் கட்டளையைப் பெற்ற சிப், தன் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரின் 0-ஆம் பிட்டை 1 என வைத்துக்கொண்டு தன் வேலையைச் செய்யும். முடிந்ததும் அதை 0 ஆக்கும். டிரைவர் அதுவரை அந்த பிட்டைப் படித்தபடி காத்திருக்கிறது.

இனி டேட்டா ஷீட்டை, அதாவது சிப் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாகப் புழங்கும் 16 எம்பி நார் சிப் ஒன்றில், 4 கேபி செக்டாரை அழிக்க வழக்கமாக 45 மில்லி விநாடியும் அதிகபட்சம் 400 மில்லி விநாடியும் ஆகும். பல செக்டார்கள் சேர்ந்த 64 கேபி பிளாக்குக்கு வழக்கமாக 150 மில்லி விநாடி, அதிகபட்சம் 2 விநாடி. உங்கள் டிரைவர் அனுப்புவது ஹெக்ஸ் டி8, அதாவது 64 கேபி கட்டளை என்றால், பழைய 400 என்பதே தவறு, பேட்ச் சரி. காரணத்தைக் கமிட் செய்தியில் (திருத்தத்தோடு சேரும் குறிப்பில்) எழுதச் சொல்லிவிட்டு ஒப்புதல் தரலாம். அனுப்புவது ஹெக்ஸ் 20, அதாவது 4 கேபி கட்டளை என்றால், 400-ஐத் தாண்ட சிப்புக்குக் காரணமே இல்லை. அப்போது சந்தேகம், பிட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக் காத்திருக்கும் லூப்பின் மேல் திரும்ப வேண்டும்.

பிழை கூட்ட நேரத்தில் மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் முக்கியமான தடயமாகக் கருதுகிறேன். லூப் பிட்டைப் படிக்கிறது, வேலை முடியவில்லை என்று காண்கிறது, பிராசசரை மற்ற வேலைகளுக்கு விட்டுக்கொடுக்கிறது. திரையும் பிரிண்டரும் எடைக்கருவியும் ஒரே நேரத்தில் பிராசசரைக் கேட்கும்போது, லூப்பின் முறை திரும்ப வருவதற்குள் கெடு கடந்துவிடலாம். திரும்பி வந்ததும் பிட்டைப் படிக்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்துப் பிழை என்று அறிவித்தால், எப்போதோ வேலையை முடித்துவிட்ட சிப் பழியை ஏற்கிறது. வரம்பை 2 விநாடி ஆக்கினால் இது அரிதாகுமே தவிர, தீராது. லினக்ஸ் கெர்னலின் எஸ்பிஐ நார் பகுதி, கெடு கடந்ததை அறிந்த பிறகும் ஸ்டேட்டஸை இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் பிழையைத் திருப்பித் தருகிறது. உங்களுக்கும் அந்த ஒரு படிப்புதான் தேவைப்படும்.

ஊகத்தோடு விடாமல், பிழை திரும்பும் இடத்தில் ஸ்டேட்டஸைப் படித்து லாகில் அச்சிடும் ஒரு வரியைத் தற்காலிகமாகச் சேருங்கள். 0-ஆம் பிட் 0 என்று வந்தால் சிப் நிரபராதி. 1 என்றே வந்தால் நிலைமை வேறு: சிப் இன்னும் அழித்துக்கொண்டிருக்கிறது, அந்த நிலையில் அடுத்து வரும் எழுதும் கட்டளையை அது பொருட்படுத்தாது. பிழைக்குப் பின் மேலடுக்கு என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். நார் சிப்பின் மேல் யுபிஐ (UBI, லினக்ஸில் ஃபிளாஷை நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால், சிலமுறை முயன்றும் தீராத அழிப்புப் பிழை அதைப் படிக்க மட்டும் முடிகிற நிலைக்குத் தள்ளிவிடும். பதிவு நின்றுபோவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. “சார், இங்கே போவது 20 கட்டளை, டேட்டா ஷீட்டில் அதற்கு அதிகபட்சம் 400 தான். டைம்அவுட் ஆன நேரத்தில் ஸ்டேட்டஸ் என்னவாக இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிடலாமா?” என்று ரிவ்யூவிலேயே எழுதுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல பொறியாளர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

சோதனையின்போது ஓர் எச்சரிக்கை. இத்தகைய சிப்புகள் செக்டார் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 அழிப்புகளைத் தாங்கும் என்றே டேட்டா ஷீட்டுகள் சொல்கின்றன. 45 மில்லி விநாடிக்கு ஒன்று என ஒரே செக்டாரை இடைவிடாமல் அழித்தால், 75 நிமிடங்களில் அந்த எல்லைக்கு வந்துவிடுவீர்கள். 16 எம்பி சிப்பில் 4,096 செக்டார்கள் உள்ளன. முகவரியை மாற்றிக்கொண்டே அழியுங்கள், அதையும் சங்கத்துக்கு அனுப்பவிருக்கும் கருவியில் செய்யாமல், ஒதுக்கிவைத்த போர்டு ஒன்றில் செய்யுங்கள்.